பழைய கிடார் ஆம்ப்... சொன்ன விலைக்கு வாங்கலாமா? ஸ்ரீரங்கம் படியேறும் முன் ஒரு செக்லிஸ்ட்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மொபைல்ல ஒரு விளம்பரம் கண்ணுல படுது. 'வின்டேஜ் வால்வ் ஆம்ப், 1970-கள், ஒர்க்கிங் கண்டிஷன், விலை 60,000 ரூபாய். நேரில் பார்க்க: ஸ்ரீரங்கம்.' போட்டோவுல மூலையெல்லாம் துருப்பிடிச்ச ஒரு கறுப்புப் பெட்டி. முன்பக்கத் துணி மஞ்சளாகி, ஒரு ஓரம் கிழிஞ்சிருக்கு. உங்களுக்கு அது அழுக்காவே தெரியாது. எத்தனை மேடை பார்த்திருக்கும், எத்தனை பாட்டு இது வழியா போயிருக்கும்னு மனசு பறக்க ஆரம்பிச்சிடும்.

பறக்கட்டும். ஆனா, பேங்க்ல இருக்கிற அந்த 60,000 ரூபாய் ஒன்றரை வருஷமா சேர்த்தது. கொண்டுபோய்க் கொடுத்துட்டு, வீட்டுக்கு வந்து பிளக்கைச் சொருகினா 'ம்ம்ம்ம்'னு ஒரு சத்தம் மட்டும் வந்தா? அதனால, காவிரிப் பாலம் தாண்டுறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிட்டுப் போங்க. (வைகுண்ட ஏகாதசி சமயம்னா பத்து நாள் கழிச்சே போங்க. ஆம்ப் இருக்கும், பார்க்கிங் இருக்காது!)

பழசா, வின்டேஜா?

பழசா இருக்கிற எல்லாமே வின்டேஜ் ஆகிடாது. நம்ம ஊர்ல பழைய ஆம்ப் பெரும்பாலும் மூணு வகையில கைக்கு வரும்.

முதல் வகை, மைக் செட் ஆம்ப். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழான்னு ஓடித் தேய்ஞ்சது. 1940-ல ஆரம்பிச்ச அஹுஜா கம்பெனியோட பெட்டிகள்தான் இதுல அதிகம் கண்ணுல படும். உழைப்பாளி மெஷின், சந்தேகமே இல்லை. ஆனா, அது கிடாருக்காகச் செஞ்சது இல்லை. எலெக்ட்ரிக் கிடாரோட பிக்கப்புக்கு, ஆம்போட இன்புட்ல சுமார் 10 லட்சம் ஓம் எதிர்ப்பு இருந்தாத்தான் ஒலி பளிச்சுனு வரும். மைக் இன்புட்ல அது ரொம்பக் குறைவு. நேரா சொருகினா, போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி மந்தமா கேட்கும். மெக்கானிக்கைப் பிடிச்சு மாத்தி அமைக்கலாம். அப்படிப்பட்ட பெட்டிக்கு 'வின்டேஜ் கிடார் ஆம்ப்' விலை சொன்னா, ஒரு கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுங்க.

இரண்டாவது, லைட் மியூசிக் குழுக்கள் கைமாத்தி கைமாத்தி வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப். இதுல பெரும்பாலானதுக்கு வயசு ஆகஆக விலை இறங்கத்தான் செய்யும். விதிவிலக்கு சிலது இருக்கு. 1975-ல வந்த ரோலண்ட் ஜேசி-120 மாதிரி சில மாடல்களை இன்னைக்கும் தேடி வாங்குறாங்க.

மூணாவது, வெளிநாட்டுல இருந்து வந்த வால்வ் ஆம்ப். அமெரிக்காவோட ஃபெண்டர், லண்டன்ல இருந்து வந்த மார்ஷல், ஏசி-30 புகழ் வாக்ஸ். ஜிம் மார்ஷல் 1962-ல தன் முதல் ஆம்பை, ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்போட சர்க்யூட்டை முன்மாதிரியா வெச்சுத்தான் கொண்டுவந்தார். உலகம் இன்னைக்கு 'ராக் சவுண்ட்'னு சொல்றதுல பெரும்பங்கு இந்த ரெண்டு குடும்பத்துல இருந்து வந்ததுதான். உண்மையான வின்டேஜ் விலை இந்த மூணாவது வகைக்குத்தான். நாம பார்க்கப்போறதும் அதைத்தான்னு வெச்சுக்குவோம்.

எதுக்கு இன்னும் வால்வ்?

1939-ல திருச்சி வானொலி நிலையம் தொடங்கினப்போ, இந்த ஊர் வீடுகள்ல இருந்த ரேடியோ எல்லாம் வால்வ் ரேடியோதான். சுவிட்சைப் போட்டு, உள்ளே கண்ணாடிக் குழாய் சூடாகி, அப்புறம்தான் குரல் வரும். அப்புறம் டிரான்சிஸ்டர் வந்து வால்வை வீட்டைவிட்டு அனுப்பிடுச்சு. கிடார் வாசிக்கிறவங்க மட்டும் விடலை.

காரணம் எளிமையானது. அளவுக்கு மேல அழுத்தினா டிரான்சிஸ்டர் ஒலியைச் சட்டுனு வெட்டிடும், காதுல குத்தும். வால்வ் கொஞ்சம் கொஞ்சமா வளைஞ்சு கொடுக்கும். அந்த வளைவுலதான் அந்த இனிமையான கரகரப்பு பிறக்குது. மெதுவா மீட்டினா சுத்தமா ஒலிக்கும், அழுத்தி மீட்டினா உறுமும். விரலுக்குப் பதில் சொல்லும்.

இங்கே ஒரு உள்ளூர் தகவல். திருச்சிக்காரங்களுக்கு 'பெல்'னா திருவெறும்பூர் பாய்லர் ஃபேக்டரி. இன்னொரு பெல் இருக்கு. 1954-ல பெங்களூருல தொடங்கின பாரத் எலெக்ட்ரானிக்ஸ். ஆமாம், நம்ம ஸ்ரீரங்கத்து சுஜாதா வேலை பார்த்த அதே நிறுவனம்தான். அவங்க செஞ்ச இசிசி-83, இஎல்-84 வால்வுகளை உலகம் முழுக்க ஆம்ப் பிரியர்கள் இன்னமும் தேடுறாங்க. 12ஏஎக்ஸ்7-ன்னு சொல்றதும் இசிசி-83-ன்னு சொல்றதும் ஒரே வால்வைத்தான். பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது தெரிஞ்சவர் இருந்தா, அவரோட பரண்ல இந்தப் பெயர் போட்ட அட்டைப்பெட்டி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

பிளக்கைச் சொருகும் முன்...

போனதும் 'ஆன் பண்ணுங்க சார்'னு சொல்லிடாதீங்க. முதல் பத்து நிமிஷம் கண்ணும் மூக்கும் போதும்.

வோல்டேஜ்: பின்பக்கத் தகடைப் படிங்க. 117 இல்லைன்னா 120 வோல்ட்னு இருந்தா, அது அமெரிக்காவுக்குச் செஞ்சது. நம்ம வீட்டு 230 வோல்ட்ல நேரா சொருகினா கதை அங்கேயே முடிஞ்சது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அதோட விலையும் உங்க கணக்குல சேரணும். ஏற்றுமதி மாடலா இருந்தா 110, 220, 240-ன்னு மாத்துற செலெக்டர் இருக்கும். அது எதுல நிக்குதுன்னு பாருங்க.

எர்த்: 1970-க்கு முந்தைய ஆம்ப் பலதுல ரெண்டு பின் பிளக்தான். எர்த் கிடையாது. மெயின் லைனுக்கும் ஆம்போட உலோக உடம்புக்கும் நடுவுல ஒரு கெப்பாசிட்டர் மட்டும் இருக்கும். அது கெட்டுப்போய் ஷார்ட் ஆனா, உடம்புல கரன்ட், அங்கிருந்து கிடார் கம்பிக்குக் கரன்ட். ஒரு கை கிடார்ல, உதடு மேடை மைக்ல. நினைச்சுப் பாருங்க. வெளிநாட்டுக்காரங்க அந்தக் கெப்பாசிட்டருக்கு 'சாவு கெப்பாசிட்டர்'னே பேர் வெச்சிருக்காங்க. அதை நீக்கி, மூணு பின் வயர் போடுறது சின்னச் செலவு. அதைச் செய்யுற வரைக்கும் வாசிக்கவே கூடாது. 'ஒரிஜினாலிட்டி போயிடும்'னு யாராவது சொன்னா, உயிருக்கு டூப்ளிகேட் இல்லைன்னு சொல்லுங்க.

பெட்டி: கிழிஞ்ச ரெக்சின், துரு, சிகரெட் சுட்ட தழும்பு, அழுக்குத் துணி... எதுவும் ஒலியைப் பாதிக்காது. பேரம் பேச உதவும், அவ்வளவுதான். ஆனா, பெட்டியைத் தட்டிப் பாருங்க. பொத்பொத்துனு கேட்டா கரையான் உள்ளே குடித்தனம் நடத்தியிருக்கலாம். அடிப்பகுதியில தண்ணீர்க்கோடு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. 1977, 2005-னு பெருவெள்ளம் பார்த்த ஊர் இது. கீழ்த்தளத்துல கிடந்த பெட்டி எதையெல்லாம் பார்த்ததோ!

வாடை: பின்பக்கம் மூக்கை வெச்சு முகர்ந்து பாருங்க. பழைய புத்தக வாடை, தூசி வாடை சரி. கருகின வாடை வந்தா டிரான்ஸ்ஃபார்மர் மேல சந்தேகப்படுங்க. ஒரு வால்வ் ஆம்ப்ல விலை உயர்ந்த உறுப்பு அதுதான். மெழுகோ தாரோ உருகி வழிஞ்ச தடம் இருந்தா இன்னும் உஷார்.

வயசு: வாசிக்கிறவர் சொல்ற வருஷத்தை நம்ப வேண்டாம், பாகங்களைக் கேளுங்க. அமெரிக்க ஆம்ப்ல வால்யூம் கன்ட்ரோலோட முதுகுல ஒரு எண் குத்தியிருக்கும். உதாரணத்துக்கு 1376732. முதல் 137 தயாரிச்ச கம்பெனி, 67 வருஷம், 32 வாரம். அதாவது, 1967-ம் வருஷம் 32-வது வாரம். ஸ்பீக்கர்லயும் இதே மாதிரி இருக்கும். 220-ல தொடங்கினா ஜென்சன் கம்பெனி. ஆம்ப், தன் பாகங்களைவிட மூத்ததா இருக்க முடியாது இல்லையா? எல்லா பாகமும் 1974-ன்னு சொல்லும்போது, '1965 மாடல்' விலை கேட்டா புன்னகை மட்டும் போதும். ஒரே ஒரு பாகம் மட்டும் புதுசா இருந்தா, அதைப் பின்னாடி மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம்.

கன்ட்ரோலோட முதுகைப் பார்க்க ஆம்பைத் திறக்கணுமே? விற்கிறவரையே திறந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாதீங்க. நீங்களும் திறக்காதீங்க. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல ஓடும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டர்கள் அந்தச் சார்ஜைப் பிடிச்சு வெச்சிருக்கும். தெரிஞ்ச மெக்கானிக் கைதான் உள்ளே போகணும்.

இப்போ ஆன் பண்ணலாம்!

'வருஷக்கணக்கா ஆன் பண்ணலை'னு சொன்னா, நேரா பிளக்ல போட வேண்டாம். எலெக்ட்ரீஷியன்கிட்ட சீரிஸ் லேம்ப் இருக்கும். ஆம்புக்கு முன்னாடி ஒரு 100 வாட் குண்டு பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தா பல்பு பிரகாசமா எரிஞ்சு, ஆம்பைக் காப்பாத்திடும். ஒருமுறை பளிச்சுனு எரிஞ்சு மங்கினா நல்ல சகுனம். அதேபோல, ஸ்பீக்கர் வயர் இணைச்சிருக்கான்னு பாருங்க. ஸ்பீக்கர் இல்லாம வால்வ் ஆம்பை ஓட்டினா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும்.

பின்பக்கம் பாருங்க. வால்வுக்குள்ள ஆரஞ்சா ஒரு இழை எரியணும். கண்ணாடி ஓரத்துல லேசா நீலம் தெரிஞ்சா பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கிற சாம்பல் நிறத் தகடே சிவக்க ஆரம்பிச்சா, உடனே ஆஃப். வால்வோட உச்சியில வெள்ளி மாதிரி இருக்க வேண்டிய பூச்சு பால் மாதிரி வெளுத்திருந்தா, காத்து புகுந்துடுச்சு, வால்வ் காலி. வால்வ் காலின்னா பயம் இல்லை, பல்பு மாத்துற மாதிரிதான். ஆனா, செலவு இருக்கு.

வால்யூமைப் பூஜ்யத்துல வெச்சுக் கேளுங்க. லேசான இரைச்சல் எல்லா பழைய ஆம்புலயும் இருக்கும். 'ம்ம்ம்'னு ரீங்காரம் பலமா இருந்தா, மொபைலை எடுங்க. இலவசமா கிடைக்கிற ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஆப் ஒண்ணைத் திறந்து ஸ்பீக்கர்கிட்ட காட்டுங்க. நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸ்ல பெரிய கோபுரம் எழும்பினா, பவர் சப்ளையோட ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ஞ்சு போயிருக்க வாய்ப்பு அதிகம். 50-ல எழும்பினா எர்த், வயரிங் பக்கம் பார்க்கணும். ஃபேனுக்கு நாம கண்டென்சர் மாத்துறோமே, அதுக்குச் சொந்தக்காரங்கதான் இவங்களும். 15, 20 வருஷம் தாண்டினா மாத்தத்தான் வேணும். 1970-கள் ஆம்ப்ல ஒருமுறைகூட மாத்தலைன்னா, அந்தச் செலவு உங்க தலையிலதான்னு எழுதி வெச்சுக்கோங்க.

அடுத்து, எல்லா திருகையும் மெதுவா திருப்புங்க. 'கரகர'ன்னு கேட்டா கவலை வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும். முதல் வரிசைச் சின்ன வால்வுகளை பென்சில் முனையால லேசா தட்டுங்க. மணி மாதிரி ஒலிச்சா அது மாத்த வேண்டிய வால்வ்.

கடைசியா ஸ்பீக்கர். ஆறாவது கம்பியைத் திறந்து பலமா மீட்டுங்க. பட்டம் கிழிஞ்ச மாதிரி படபடத்தா கோன் பேப்பர் கிழிஞ்சிருக்கு. அப்புறம் ஆஃப் பண்ணி, ஸ்பீக்கர் வயரைக் கழட்டி, மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க. 8 ஓம் ஸ்பீக்கர், மீட்டர்ல 6-ல இருந்து 7-க்குள்ள காட்டும். அது சரிதான். ஒண்ணுமே காட்டலைன்னா காயில் அறுந்துடுச்சு. கழட்டின வயரை மறக்காம மாட்டிட்டு அடுத்த வேலையைப் பாருங்க.

வீடு தாங்குமா?

இதை நிறைய பேர் மறந்துடுறாங்க. வால்வ் ஆம்ப் இனிக்கிறது அதை அழுத்தி ஓட்டும்போதுதான். உத்திர வீதி, சித்திரை வீதியில பல வீடுகளுக்கு நடுவுல ஒரே சுவர். 50 வாட் ஆம்பை அங்கே பாதி வால்யூம் வெச்சா, பக்கத்து வீட்டு மாமி மட்டுமில்ல, தெருவே வந்து நிக்கும். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் சொல்ற வரம்பு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10 மணிக்கு மேல 45 டெசிபல்.

இன்னொரு கணக்கு. 50 வாட்டைவிட 5 வாட் பத்துல ஒரு பங்கு சத்தம்னு நினைப்போம். காது அப்படிக் கேட்காது. சுமார் பாதியாத்தான் கேட்கும். அதனால வீட்டுக்கும் சின்ன மேடைக்கும் 5-ல இருந்து 15 வாட் வால்வ் ஆம்ப் தாராளம். '100 வாட் சார், அதான் விலை'னு சொன்னா, அந்த 100 வாட் உங்களுக்கு லாபமா பாரமான்னு யோசிங்க. தூக்கிப் பாருங்க, பாரம்னு முதுகே சொல்லும்.

எதை வாசிக்கப்போறீங்கங்கிறதும் முக்கியம். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலின்ல கர்னாடக சங்கீதம் வாசிச்சார். பிரசன்னா எலெக்ட்ரிக் கிடார்ல வாசிக்கிறார். கமகம் தெளிவா கேட்கணும்னா, சீக்கிரம் உறுமாத சுத்தமான ஆம்ப் வேணும். ப்ளூஸ், ராக்னா சீக்கிரம் உறுமுறது வேணும். ஒரே ஆம்ப் ஒருத்தருக்குப் பொக்கிஷம், இன்னொருத்தருக்கு வெறும் மேசை.

இப்போ பேனாவை எடுங்க

இது ஒரு கற்பனைக் கணக்கு. எண்களை உங்க ஊர், உங்க ஆம்ப் பார்த்து மாத்திக்கோங்க.

நல்லா இயங்குற நிலையில இதே மாடல் எவ்வளவுக்கு விற்கும்? விளம்பரத்துல கேட்கிற விலையைப் பார்க்காதீங்க. விற்றுமுடிச்ச விலையைத் தேடுங்க. அது 75,000-ன்னு வெச்சுக்குவோம்.

கெப்பாசிட்டர் மாத்த, கூலியோட 6,000. பவர் வால்வ் ஜோடி 6,000. ஸ்பீக்கருக்குப் புது கோன் 4,000. மூணு பின் வயர் 500. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் 4,000. மொத்தம் 20,500.

கண்ணுக்குத் தெரியாத கோளாறுக்குப் பத்து சதவிகிதம், 7,500.

75,000-ல இருந்து ரெண்டையும் கழிச்சா 47,000. அதுதான் உங்க உச்சவரம்பு. அவர் கேட்கிறது 60,000. இந்த விலைக்கு வேண்டாம், 47,000-க்கு வாங்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தா இந்தக் கணக்கே செல்லாது. அப்போ அது உதிரிபாக விலைதான்.

மெக்கானிக் கிடைப்பாரான்னும் முன்னாடியே பாருங்க. சிங்காரத்தோப்பு, சூப்பர் பஜார் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள்ல 'வால்வ் செட் பார்க்கிறவர் யாராவது இருக்காங்களா?'ன்னு விசாரிங்க. மைக் செட் கடைக்காரங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அவரை ஒரு கூலி பேசி கூடவே கூட்டிட்டுப் போறது, இந்த மொத்த விஷயத்துலயும் நீங்க செய்யுற நல்ல முதலீடு.

இது முதல் ஆம்ப்னா...

கிடார் கத்துக்க ஆரம்பிச்சு ஆறு மாசம்தான் ஆச்சுன்னா, இப்போ வேண்டாம். சின்ன டிரான்சிஸ்டர் ஆம்போ, ஹெட்போனும் மொபைல் ஆப்பும் சேர்ந்த ஏற்பாடோ போதும். மிச்சக் காசுல நல்ல வாத்தியாரைப் பிடிங்க. உங்க கைக்கு என்ன ஒலி வேணும்னு தெரிஞ்ச பிறகு, பழைய பெட்டி தானா உங்களைத் தேடி வரும்.

அந்த வீட்டு வாசல்ல...

எல்லாம் பார்த்தாச்சு. இப்போ உங்க எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர், ஒரு காலத்துல திருவிழா மேடை மேடையா வாசிச்சவரா இருக்கலாம். பொன்மலை ரயில்வே காலனியில டான்ஸ் பார்ட்டிகளுக்கு வாசிச்ச அப்பாவோட பெட்டியை, மனசில்லாம விற்கிற மகளா இருக்கலாம். குறையைச் சொல்லும்போது, 'இது குப்பை சார்'னு ஆரம்பிக்காதீங்க. பேப்பரைக் காட்டுங்க. 'கண்டென்சர் மாத்தணும், ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு, இவ்வளவு செலவாகும் சார், அதனால என்னால 47-தான் முடியும்'னு சொல்லுங்க. பழைய வாசிப்பாளருக்கு நியாயமான கணக்கு புரியும்.

அதே நியாயம் மறுபக்கமும் உண்டு. லட்ச ரூபாய்ப் பெட்டியை விவரம் தெரியாம 5,000-க்குக் கொடுக்க வர்றாங்கன்னு வைங்க. 'இதுக்கு நல்ல விலை கிடைக்கும், விசாரிச்சிட்டுச் சொல்லுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அப்புறம் உங்களால முடிஞ்ச விலையைச் சொல்லுங்க. சில சமயம் ஆம்ப் கை நழுவிப் போகும். ஆனா வாங்கினீங்கன்னா, ஒவ்வொரு தடவை சுவிட்சைப் போடும்போதும், அந்த ஆரஞ்சு வெளிச்சத்தை உறுத்தல் இல்லாம பார்க்கலாம்.

அவர் 60,000-ல இருந்து இறங்கவே இல்லையா? காபி குடிச்சிட்டு, நம்பரைக் கொடுத்துட்டு எழுந்திருங்க. 35 கிலோ பெட்டி அவ்வளவு சீக்கிரம் எங்கேயும் ஓடிடாது. உங்க 60,000 மட்டும்தான் ஒரு நிமிஷத்துல ஓடிடும்!